எட்டு மணிக்கு இரண்டு இட்லி, பத்து மணிக்கு இரண்டு இட்லி

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கிறது ஆலத்தியூர். ஊரின் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சிமென்ட் ஆலைதான். பெரம்பலூரும் அரியலூரும் அடுத்தடுத்து விரிந்து கிடக்கும் இந்தப் பூமியில் தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே கரிசல். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி என்று மானாவாரியை நம்பிய வெள்ளாமை. ஒரு தலைமுறைக்கு முன்னால் இங்கே கம்பும் கேழ்வரகும் சோளமும் வரகும் விளைந்தன. வீட்டு உலையிலும் அவைதான் கொதித்தன. இன்று காட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. அடுப்பில் மூன்று வேளையும் அரிசி.

2011 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைத் துரத்திய நல்ல திட்டம் அது. ஆனால் வயிறு நிறைவதும் உடம்புக்கு வேண்டியது கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. ஒரு பெண் கர்ப்பமானதும் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுகிறது. காட்டு வேலைக்குப் போக வேண்டாம், குனிய வேண்டாம், நடக்க வேண்டாம் என்று பாசத்தோடு உட்கார வைக்கிறார்கள். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் "உங்களுக்குச் சர்க்கரை கூட இருக்கும்மா" என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைகிறது.

அந்தச் சொல் வந்த நாளில் பல வீடுகளில் அழுகைதான் முதலில் கேட்கிறது. அழ வேண்டிய அவசியம் இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களில் நூற்றுக்கு 70 முதல் 85 பேர் உணவையும் உடலுழைப்பையும் சீராக்கிக்கொள்வதன் மூலமே அதைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்கின்றன மருத்துவ ஆய்வுகள். அதற்குத் தேவையானவை பெரும்பாலும் வீட்டு அடுப்படியிலேயே இருக்கின்றன. தேவைப்படுவது சரியான நேரமும் சரியான அளவும், வீட்டில் உள்ளவர்களின் ஒத்துழைப்பும்.

பத்தில் ஒருவர்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை வளர்த்தெடுத்த மருத்துவர் வீராசாமி சேஷையா, கர்ப்பகாலச் சர்க்கரையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 2022இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

2005க்கும் 2007க்கும் இடையில் அவரது குழு தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்தது. நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறு நகரப் பகுதியில் 13.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. "சர்க்கரை பணக்கார வியாதி, டவுன்காரங்க வியாதி" என்ற பேச்சுக்கு அந்தக் கடைசி எண் பதில் சொல்லியது. கிராமத்துக் கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பின்னர் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிமுறைகளும் அதே முறையை எடுத்துக்கொண்டன.

உலக அளவில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு, ஆறு குழந்தைப்பேறுகளில் ஒன்று தாயின் உயர் இரத்தச் சர்க்கரையோடு நடக்கிறது என்கிறது. ஆகவே ஆலத்தியூரிலோ குன்னத்திலோ ஜெயங்கொண்டத்திலோ ஒரு பெண்ணுக்கு இது வந்தால் அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டார் என்று பொருளில்லை. மாமியார் வீட்டுச் சாப்பாடா, அம்மா வீட்டு வம்சமா என்று பஞ்சாயத்து பேசுவதும் வீண்.

நஞ்சுக்கொடி செய்யும் வேலை

கர்ப்பத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது? காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. குழந்தையின் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். தாய் சாப்பிட்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் முழுவதையும் தாயின் தசைகளே இழுத்துக்கொண்டால் குழந்தைக்குக் குறைந்துவிடும். அதனால் நஞ்சுக்கொடி லாக்டோஜன், புரோஜெஸ்டிரான் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்யும் வேகத்தைக் குறைக்கிறது. தாயின் கார்டிசால் ஹார்மோனும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இந்தத் தடை கூடிக்கொண்டே போகும். பெரும்பாலான பெண்களின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து ஈடு கட்டிவிடுகிறது. ஈடு கட்ட முடியாத கணையம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது.

தாயின் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. குழந்தையின் கணையம் மூன்றாம் மாத அளவிலேயே இன்சுலின் சுரக்கத் தொடங்கிவிடும். தன்னிடம் வந்து சேரும் கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்க அது மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் கூடுதல் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிக் குழந்தையைப் பெருக்க வைக்கிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே முன்வைத்த விளக்கம் இது, இன்றும் நிற்கிறது.

"பிள்ளை நாலு கிலோ" என்று பெருமையாகச் சொல்லப்படும் எடைக்குப் பின்னால் சில நேரம் இந்தக் கதை இருக்கிறது. பெரிய குழந்தையின் தோள் பிறப்பு வழியில் சிக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பிறந்த பிறகும் சிக்கல் தொடரலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது, ஆனால் குழந்தையின் உடம்பில் இன்சுலின் அப்படியே இருக்கிறது. முதல் சில மணி நேரங்களில் குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் ஆபத்து அதனால்தான் வருகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்கு இங்கே இன்னொரு வலுவான காரணம் சேர்கிறது.

ஒன்பது நாடுகளில் சுமார் 25 ஆயிரம் பெண்களைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, தாயின் சர்க்கரை ஏற ஏற இந்த ஆபத்துகளும் படிப்படியாக ஏறுகின்றன என்று காட்டியது. இறக்கினால் பலன் உண்டா என்ற கேள்விக்கு 2005இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வந்திருந்தது. ஆயிரம் கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனையும் சர்க்கரைக் கண்காணிப்பும், தேவைப்பட்டவர்களுக்கு இன்சுலினும் கொடுத்தார்கள். குழந்தைக்கு நேரும் கடுமையான பாதிப்புகள் நூற்றுக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தன.

சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சோதனை

சுகாதார நிலையத்தில் கொடுக்கும் அந்த இனிப்புத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

பல நாடுகளில் இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். சேஷையாவின் குழு அதை மாற்றியது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொன்னால் மயங்கி விழுவார். சாப்பிட்டுவிட்டு வந்தவரை "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வராமலே போகலாம். அதனால் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று பாராமல், வந்த அன்றே சோதித்துவிடும் முறையை அவர்கள் வகுத்தார்கள். ஒரு கிராமத்துப் பெண்ணின் வசதியை மனத்தில் வைத்து உருவான இந்த முறைதான் இன்று நாட்டின் முறை.

சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும். கர்ப்பம் உறுதியாகி முதன்முதலில் சுகாதார நிலையத்துக்குப் போகும் போது ஒன்று. அதில் சரியாக இருந்தால் 24ஆவது வாரத்துக்கும் 28ஆவது வாரத்துக்கும் இடையில் மற்றொன்று. முதல் தடவை நார்மல் என்று வந்துவிட்டால் பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கி ஏறுவது அதற்குப் பிறகுதான். கரைசலைக் குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அரை மணி கடந்து வந்தால் சோதனையைத் தொடரலாம்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதால் என்ன பயன்? இந்தியாவும் பங்கேற்று 2023இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், 20 வாரத்துக்கு முன்பே சிகிச்சை தொடங்கப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறப்பை ஒட்டிய சிக்கல்கள் ஓரளவு குறைந்தன. மாதவிலக்கு தள்ளிப்போனதும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலை வேளைதான் கடினம்

சர்க்கரை வந்த கர்ப்பிணிக்கு மூன்று வேளைகளில் எது கடினமானது என்று கேட்டால் பலர் மதியச் சாப்பாட்டைச் சொல்வார்கள். உண்மையில் கடினமானது காலை. விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் உயர்ந்திருப்பதால் அந்த நேரத்தில் இன்சுலினின் வேலை மேலும் மந்தமாகிறது. அதே நான்கு இட்லியை இரவில் சாப்பிட்டால் ஏறுவதைவிடக் காலையில் சாப்பிட்டால் சர்க்கரை அதிகம் ஏறும்.

இதற்குச் சேஷையா சொன்ன வழி மிக எளிமையானது. நான்கு இட்லி சாப்பிடுபவர் எட்டு மணிக்கு இரண்டு சாப்பிடட்டும். மீதி இரண்டைப் பத்து மணிக்குச் சாப்பிடட்டும். தோசையோ சப்பாத்தியோ பொங்கலோ எதுவானாலும் இதே கணக்கு. மொத்த உணவு குறையவில்லை, குழந்தைக்குப் போக வேண்டிய சத்தும் குறையவில்லை. ஆனால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையின் உச்சம் 20 முதல் 30 மில்லிகிராம் வரை இறங்குகிறது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரியின் மதகை முழுவதும் திறந்துவிட்டால் வாய்க்கால் உடையும், அளவாகத் திறந்தால் கடைமடை வரை பாயும். மந்தப்பட்ட இன்சுலினுக்கும் அப்படி அளவாக வரும் உணவுதான் ஏற்றது.

நாள் முழுவதற்கும் இதே வழியை விரிக்கலாம். மூன்று பெரிய வேளை, இடையில் இரண்டு மூன்று சிறு வேளை. காலை எழுந்ததும் சர்க்கரை போடாத பால் அல்லது டீ. எட்டு மணிக்குப் பாதிப் பலகாரம், பத்து மணிக்கு மீதி. ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு கொய்யா. இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இரவு முழுவதும் நீண்ட பட்டினி கிடந்துவிட்டுக் காலையில் வயிறு நிறையச் சாப்பிடுவதுதான் தவிர்க்க வேண்டிய பழக்கம்.

ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் இந்த நேரக்கணக்கு குலையும். கணவர் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் வரை மனைவி சாப்பிடாமல் காத்திருப்பது பல வீடுகளில் வழக்கம். கர்ப்பிணி அப்படிக் காத்திருக்கக் கூடாது. அவர் தன் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுக் கணவருக்குப் பரிமாறலாம். கணவரே எடுத்துப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

கம்பும் கேழ்வரகும் எப்படிச் சமைக்கப்படுகின்றன

சோற்றை அடியோடு நிறுத்துவது தவறு. மாவுச்சத்து மிகவும் குறைந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். கர்ப்பத்தில் அது நல்லதல்ல. நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி. "ரெண்டு உசுருக்கு" என்று இரட்டிப்பாகப் போடும் சோறு அந்தக் கணக்கில் அடங்காது. ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலும் அதற்கு ஏறக்குறையப் போதும்.

தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு என்பது நினைவில் வைக்க எளிய அளவு. முருங்கைக்கீரை, அவரை, சுரை, வெண்டை எல்லாம் இந்தப் பக்கத்துக் கொல்லையிலேயே காய்ப்பவை. தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, நிலக்கடலை எதுவும் நல்லதே. செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரியும் ஒரு சிறு கைப்பிடி அளவுக்குச் சரி.

சிறுதானியம் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கம்பில் சுமார் 62, கேழ்வரகில் சுமார் 67. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் அல்ல. பெரிய வேறுபாடு நார்ச்சத்தில். அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு. கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராமுக்கு மேல். அந்த நார் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. நைசாக அரைத்து, சலித்து, தண்ணீராகக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அந்த நன்மையில் ஒரு பகுதி போய்விடும். மெல்ல வேண்டிய உணவு மெல்ல ஏறும். குடிக்கும் உணவு விரைவாக ஏறும். கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு சொம்பு குடித்துவிட்டு "சிறுதானியம்தானே" என்று நம்பினால் மீட்டர் வேறு கதை சொல்லும். உடைத்த கம்பில் காய்கறி சேர்த்த கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, கூடவே கொஞ்சம் மோர் என்று எடுத்துக்கொண்டால் பலன் நிற்கும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் பற்றியும் இதே எச்சரிக்கை. வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாக இவற்றைச் சேர்த்தாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் வருகிறது. இவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சர்க்கரை உள்ள கர்ப்பிணி எவ்வளவு எடுக்கலாம் என்று செவிலியரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம், ஜூஸாக வேண்டாம். டப்பாவில் வரும் சத்துபானப் பொடிகளின் பின்பக்கத்தில் சர்க்கரையின் அளவு அச்சிட்டிருக்கும். வாங்கும் முன் படிக்கலாம். பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடத் தடையில்லை. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று கஷாயமும் சூரணமும் குடிப்பதைக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும்.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம்

தசைக்கு ஓர் அரிய குணம் உண்டு. அது அசையும் போது இன்சுலினின் உதவி அவ்வளவாக இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் காலிலும் இருப்பதால் நடைக்கு இவ்வளவு மரியாதை. ஒவ்வொரு வேளை சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால், சர்க்கரை ஏறும் அந்த நேரத்திலேயே தசைகள் அதை எடுத்துக்கொள்கின்றன. மூன்று வேளைக்கும் சேர்த்தால் நாளுக்கு அரை மணிக்கு மேல் ஆகிவிடுகிறது.

சித்திரை, வைகாசியில் இந்தச் சுண்ணாம்புப் பூமியின் வெயிலில் மதியம் வெளியே நடப்பது முடியாத காரியம். வீட்டுக்குள், திண்ணையில், வாசல் நிழலில் நடந்தாலும் பலன் அதேதான். பேசும் அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நிறுத்தி உட்கார வேண்டும். இரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது, உயர் இரத்த அழுத்தம், முன்கூட்டியே வலி வரும் ஆபத்து உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நடைப்பயிற்சி தொடங்கக் கூடாது. மற்ற கர்ப்பிணிகளை "உக்காரு, அசையாதே" என்று சொல்வது பாசமாக இருந்தாலும் பலன் எதிராகத்தான் வரும்.

வளைகாப்பும் தாய்வீடும்

ஏழாவது மாதத்திலோ ஒன்பதாவது மாதத்திலோ வளைகாப்பு நடக்கிறது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று கலவைச் சோறுகள் வரிசையாக வருகின்றன. வளையல் போட வந்த ஒவ்வொருவரும் ஒரு வாய் ஊட்டுகிறார்கள். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் உச்சத்தை நெருங்கும் காலமும் அதுவே. விழாவை விட வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் ஒரு ஸ்பூன் என்று வைத்து மொத்தம் ஒரு கிண்ணத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். ஊட்டுபவர்களின் கையில் சுண்டலும் நிலக்கடலையும் கொடுக்கலாம். அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு விழாக்களில் ஊட்டச்சத்து பற்றிப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் சர்க்கரைக்கும் இடம் கிடைத்தால் பல வீடுகளுக்கு உதவும்.

அடுத்து வருவது பெரிய மாற்றம். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். அடுப்படி மாறுகிறது, செவிலியர் மாறுகிறார், சுகாதார நிலையம் மாறுகிறது. பெரம்பலூரில் பரிசோதனை, கடலூர்ப் பக்கம் பிரசவம் என்று கைமாறும் இந்த இடைவெளியில்தான் கண்காணிப்பு அறுந்துபோகும். தாய்வீட்டுக்குப் போகும் பையில் முதலில் வைக்க வேண்டியது கர்ப்பிணிக்குக் கொடுக்கப்பட்ட அட்டையும் சர்க்கரை அளவு குறித்த சீட்டும். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர்ச் செவிலியரிடம் அட்டையைக் காட்டி "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். அம்மாவிடமும் சொல்ல வேண்டும். பத்து மணி இட்லியின் கணக்கு அம்மாவுக்கும் தெரிந்தால்தான் நடக்கும்.

ஊசி வந்தால்

உணவு மாற்றத்துக்கும் நடைக்கும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120க்குக் கீழே இருந்தால் அதே வழியில் தொடரலாம். அந்த இரண்டு மணி நேரத்தைச் சாப்பிடத் தொடங்கிய நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். 120ஐ எட்டினாலோ தாண்டினாலோ மருத்துவர் இன்சுலினோ, சில நிலைகளில் மெட்ஃபார்மின் மாத்திரையோ தொடங்குவார். வெறும் வயிற்றில் 95க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மற்றொரு இலக்கு.

இன்சுலின் ஊசி என்றதும் வீடே கலங்குகிறது. "ஊசி போட்டா குழந்தைக்கு ஆகாது", "ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் போடணும்" என்ற பேச்சுகள் எழுகின்றன. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவத்தோடு அதன் தேவையும் முடிந்துவிடுகிறது. உணவுக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த பெண்ணுக்கும் ஊசி தேவைப்படலாம். அவருடைய கணையத்தின் திறன் அவ்வளவுதான். அதில் அவர் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஊசி போடுபவர் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். இந்த நேரத்தில் மட்டும் சர்க்கரை மருந்து என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மேல் சிகிச்சை தேவைப்படுபவர்கள் இப்போது வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. குழந்தை பெரிதாக வளர்வது ஸ்கேனில் தெரிந்தாலோ ஊசி போட்டும் சர்க்கரை இறங்காவிட்டாலோ, எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை எட்டாவது மாதத்துக்குள்ளேயே முடிவு செய்துகொள்வது பாதுகாப்பு.

பிரசவத்தோடு முடியாத கணக்கு

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலான தாய்மார்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். பத்தியச் சோறு, குழந்தையின் அழுகை, தூக்கமில்லாத இரவுகள் என்று நாட்கள் ஓடும். சர்க்கரை இருந்தது என்பதே மறந்துபோகும்.

ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, அப்படி வராத பெண்ணைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2009இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. அந்தக் குழந்தைக்கும் பின்னாளில் உடற்பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடுதல். கர்ப்பம் இங்கே முன்கூட்டியே எச்சரிக்கிறது. கேட்டு நடந்தால் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், தடுக்கவும் செய்யலாம். தாய்ப்பால் கொடுப்பது தாயின் இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கர்ப்பத்தில் பழகிய உணவு முறையும் சாப்பிட்ட பிறகான நடையும் தாய்க்கு மட்டுமல்லாமல், வீட்டில் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை விழுங்கும் மாமனாருக்கும் மாமியாருக்கும் சேர்த்தே பயன் தரும். கர்ப்பிணிக்கென்று தனி உலை வைக்க வேண்டியதில்லை. வீடு முழுவதும் ஒரே சமையலுக்கு மாறுவதுதான் எளிது.

பிரசவம் முடிந்த ஆறாவது வாரத்தில் தாய்க்கு ஒரு சர்க்கரைச் சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். இந்த முறை வெறும் வயிற்றில் போக வேண்டும். முதலில் ஒரு முறை இரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ அது நிரந்தரச் சர்க்கரை நோய். இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பும் பார்க்க வேண்டும்.

அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். பிள்ளையின் ஊசியை மறக்கும் வீடு அநேகமாக இல்லை. தாயின் சோதனையைத்தான் மறந்துவிடுகிறோம். ஆறாவது வாரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகும் கணவர்களும் பாட்டிகளும் அன்று காலை தாயைச் சாப்பிடாமல் அழைத்துப் போங்கள். குழந்தைக்கு ஊசி போட்டு முடித்ததும் தாய்க்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.